ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி: போல்டனிலும் ராய்ட்லிங்கனிலும்

என் பெயர் இரா. சங்கரநாராயணன். வயது ஐம்பது. இராஜபாளையத்தில் மருத்துவமனைகளுக்கான காஸ் துணியும் பேண்டேஜும் நெய்யும் ஆலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தர ஆய்வுப் பிரிவில் பணிபுரிகிறேன். 1996 செப்டம்பரில் பதினான்கு நாள் விடுப்பெடுத்து, இங்கிலாந்தின் போல்டன் நகருக்கும் ஜெர்மனியின் ராய்ட்லிங்கன் நகருக்கும் சென்று வந்தேன். திரும்பிய நாள் முதல் கடைத்தெருவிலும் சலூனிலும் பேருந்து நிலையத்திலும் பார்ப்பவரெல்லாம் "எந்த ஊரு சார் நல்லாருக்கு?" என்றே கேட்கிறார்கள். சைக்கிளை ஒரு காலில் நிறுத்திக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல அது. வேலைக்கோ படிப்புக்கோ குடியேறவோ அந்தப் பக்கம் புறப்பட எண்ணியிருக்கும் நம் பகுதிக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று, நான் கண்டதைக் கண்டபடி எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயணத்துக்குக் காரணம் இரண்டு கடிதங்கள். எங்கள் காஸ் துணியை வாங்கும் போல்டன் நிறுவனம், தன் கிடங்கில் தர ஆய்வாளராக மூன்றாண்டு பணியாற்ற அழைத்தது. பேண்டேஜ் தறி செய்யும் ராய்ட்லிங்கன் நிறுவனம், அந்தத் தறிகளை வாங்கும் ஆசிய ஆலைகளின் ஆட்களுக்குப் பயிற்சியளிக்க அதே மூன்றாண்டுக்கு அழைத்தது. இரண்டுமே குடும்பத்தோடு வரலாம் என்றன. நேரில் வந்து பாருங்கள், ஊர் திரும்பிய முப்பது நாளுக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்றன. என் குடும்பத்தில் நாங்கள் மூவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து 1972இல் என்னை மணந்து இராஜபாளையத்துக்கு வந்த என் மனைவி கோமதி, பிளஸ் டூ படிக்கும் மகள் தேன்மொழி, நான். எனக்கு வேலை, மகளுக்குப் படிப்பு, மனைவிக்கு வாழ்க்கை என்று மூன்று தலைப்புகளில் ஓர் அட்டவணை தயாரித்தேன். மொத்தம் இருபத்துமூன்று இனங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.

"அப்பா ரெண்டு ஊருக்கும் ஹால் டிக்கெட் குடுக்காம விடமாட்டாக போலருக்கே" என்றாள் தேன்மொழி.

கோமதி அட்டவணையை வாங்கி மெதுவாகப் படித்தாள். "இதுல ஒண்ணு சேத்துக்கிடுங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் மூணு மணிக்கு, அங்க ஏதாவது ஒரு வீட்டுக்குள்ள ஒரு மணி நேரம் தனியா உக்காந்து பாருங்க. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, சும்மா இருக்கணும்."

"எதற்கு?"

"இருந்துட்டு வந்து சொல்லுங்களேன்."

காரணம் அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. இருபத்துநான்காவது இனமாக எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை 6.10க்கு இராஜபாளையத்திலிருந்து பேருந்து. மதுரை எண்பத்தைந்து கிலோமீட்டர். கிருஷ்ணன்கோவிலில் டீக்கு நிறுத்தியதையும் சேர்த்து இரண்டேகால் மணி நேரம், கட்டணம் பதினைந்து ரூபாய். அன்றிரவு ரயிலில் சென்னை, வெள்ளி மாலை பம்பாய், அங்கிருந்து லண்டன், பிறகு ஐம்பது நிமிடம் பறந்து மான்செஸ்டர். சனிக்கிழமை பிற்பகல் 2.20க்கு இறங்கினேன். இரண்டு நாடுகளுக்கும் தனித்தனி விசா என்பதை நினைவில் கொள்க. இரண்டையும் சென்னையிலேயே பெறலாம். ஆனால் ஒரே வாரத்தில் பெற முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

விமான நிலையத்தில் வேல்ச்சாமி காத்திருந்தார். கூமாப்பட்டிக்காரர். ராணுவத்தில் பதினைந்து ஆண்டு லாரி ஓட்டியவர். எட்டு ஆண்டுகளாகப் போல்டன் நிறுவனத்தின் கிடங்கில் வேன் ஓட்டுகிறார். என் பெட்டியைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார்.

"என்ன அண்ணாச்சி, கல்லையா கட்டி எடுத்தாந்திய? எம்புட்டு எடை?"

"பத்தொன்பது கிலோ நானூறு கிராம். அனுமதி இருபது."

"அறநூறு கிராம வீணாக்கிட்டியளே. ஒரு பாக்கெட் சேவு போட்டுருக்கலாமுல்லா!"

விமான நிலையத்திலிருந்து போல்டன் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ரயிலும் உண்டு. செங்கல் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், அவற்றின் மேலே பழைய பஞ்சாலைகளின் புகைபோக்கிகள், ஊருக்குப் பின்னால் மேகம் படிந்த மேட்டு நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அது பழகிய காட்சியாகவே இருந்தது. நூற்பாலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. ஒன்றில் தரைவிரிப்புக் கடை நடக்கிறது. எனக்கு வேலை தருவதாகச் சொன்ன கிடங்கும் ஒரு பழைய ஆலைக் கட்டடந்தான். திங்களன்று அங்கே ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே எங்கள் ஆலையின் காஸ் துணியும், என் கையெழுத்திட்ட ஆய்வுச் சீட்டும் இருந்தன. என் கையெழுத்து எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதில் சற்றுப் பெருமைதான்.

வேலை: காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை, சனி, ஞாயிறு விடுமுறை. மொழி ஆங்கிலம் என்பதால் முதல் நாளே பணியைத் தொடங்கிவிடலாம். ஆனால் அந்த ஊர் ஆங்கிலம் பள்ளியில் நாம் படித்ததன்று. கிடங்கு மேலாளர் ஒவ்வொரு வாக்கியத்தையும் எனக்காக இரண்டு முறை சொன்னார், முகம் கோணவில்லை. படிப்பு: ஆங்கில வழி. ஆனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் என் ஓராண்டுச் சம்பளத்தை விழுங்கிவிடும். சில ஆண்டுகள் அங்கே வசித்தால் குறையலாம் என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். எழுத்தில் தரச் சொன்னபோது தயங்கினார்கள். எழுத்தில் வராததற்கு நான் மதிப்பெண் இடுவதில்லை. வாழ்க்கை: இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை வாரம் அறுபத்தைந்து பவுண்டு. பவுண்டுக்கு ஐம்பத்தைந்து ரூபாய் என்று கணக்கிட்டுக்கொள்க. குஜராத்திக் கடைகளில் துவரம் பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கின்றன. நடந்துபோகும் தொலைவில் கோயில் இருக்கிறது. இந்த இனங்களில் போல்டன் மதிப்பெண்களை அள்ளிக்கொண்டது.

வந்த மறுநாளே ஞாயிறு. நான் தங்கியது வேல்ச்சாமி வீட்டில். வேல்ச்சாமி மூன்று மணிக்குக் கிடங்கு வரை போக வேண்டியிருந்தது. "நீங்க டிவி பாருங்க, செத்த நேரத்துல வாரேன்" என்றார். டிவி பார்க்க அனுமதியில்லை என்று காரணத்தைச் சொன்னேன். அவர் காரின் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார்.

"மதினி விவரமான ஆளு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று முதல் நான்கு வரை முன்னறை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கால்பந்து வர்ணனை, தெருவில் பந்து உதைக்கும் பிள்ளைகள், மணியோசையோடு ஐஸ்கிரீம் வண்டி, மறுபக்க வீட்டு மாடியில் யாரோ குளிக்கும் சத்தம், பிறகு மழை. மொத்தம் பதினோரு வகை ஒலிகள். இரைச்சல் அதிகம் என்று பத்துக்கு ஆறு கொடுத்தேன்.

திரும்பி வந்த வேல்ச்சாமி ரசம் வைத்தார். வீட்டம்மா எப்போது வருவார் என்று கேட்டேன்.

"வந்தா அண்ணாச்சி. பதினாலு மாசம் இருந்தா. பொறவு போயிட்டா."

"உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?"

"ஒடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருந்தா. இங்க எல்லாம் கெடைக்கு. முருங்கக்கா கூட டின்னுல கெடைக்கு. பகல்ல பேச ஒரு ஆளு கெடைக்கலன்னு சொன்னா. நான் காலையில போனா சாயந்தரம் வாரேன். ஒருநா நான் வீட்டுக்கு வந்தா, டிவில செய்தி வாசிக்கிற பொம்பளைக்குத் தமிழ்ல பதில் சொல்லிக்கிட்டு இருக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. டிக்கெட் போட்டுட்டேன்."

எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், அவர் சொன்னதைப் பதிவு செய்ய என் அட்டவணையில் கட்டம் இல்லை. ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை மான்செஸ்டரிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு ஒரு மணி ஐம்பது நிமிட விமானப் பயணம். அங்கிருந்து ராய்ட்லிங்கன் சுமார் நாற்பது கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ரயில் அட்டவணையில் கண்ட நிமிடத்திலேயே புறப்பட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்ததை எதிரில் இருந்தவர் தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ராய்ட்லிங்கனும் துணியும் எந்திரமுமாக வளர்ந்த ஊர்தான். ஊரை ஒட்டி ஒற்றைக் குன்று. தறி நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்தில் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் சுவரில் வரைந்த இடம் உண்டு. எடுத்தவர் அங்கேயே வைக்க வேண்டும். அந்தக் கூடத்தை எனக்காகவே கட்டியது போல் உணர்ந்தேன். வேலைக்கு முழு மதிப்பெண். மொழிதான் தடை, ஆறு மாத வகுப்பு நிறுவனச் செலவில். படிப்பு: அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் நம் பிளஸ் டூ மட்டும் போதாது. ஜெர்மன் கற்று, ஓராண்டு ஆயத்த வகுப்பில் தேற வேண்டும். மூன்று அறை வீட்டு வாடகை மாதம் தொள்ளாயிரம் ஜெர்மன் மார்க். சூடேற்றும் செலவு தனி. மார்க்குக்கு இருபத்துநான்கு ரூபாய். துவரம் பருப்புக்கு ஸ்டுட்கார்ட் போக வேண்டும்.

தங்கியது எஸ்தர் வீட்டில். மகாராஜபுரத்துக்காரர், என் பள்ளி நண்பனின் தங்கை. பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே மருத்துவமனையில் செவிலியர். கணவர் வேலையாக வெளியூர் போயிருந்ததால் அவருடைய அறை எனக்குக் கிடைத்தது. ஆறு குடும்பங்கள் வாழும் மாடிக் கட்டடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொதுப் படிக்கட்டை வாரத்துக்கு ஒரு வீட்டார் கூட்டித் துடைக்க வேண்டும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அது அடுத்த கதவுக்குப் போகும். நம் ஆலைக் குடியிருப்பில் இருபது ஆண்டுகளாக நான் கொண்டுவர முயன்று தோற்ற திட்டம் இது.

ஞாயிறு பிற்பகல் எஸ்தர் பணிக்கும் அவர் மகன் நண்பன் வீட்டுக்கும் போயிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால் பலகை இன்னும் எங்கள் கதவிலேயே தொங்குகிறது. வாரம் ஞாயிறோடு முடிகிறது. முறை தவறினால் எஸ்தருக்குக் கெட்ட பெயர். விளக்குமாற்றை எடுத்தேன். மூன்று மாடியையும் கூட்டினேன். நம் வீடுகளில் செய்வது போல் வாசலில் தண்ணீரும் தெளித்தேன். பிறகு கால்மிதியைப் படிக்கட்டின் கைப்பிடியில் நான்கைந்து முறை ஓங்கி அடித்தேன்.

மேல் வீட்டிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் இறங்கி வந்தார். கடிகாரத்தைக் காட்டினார், சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார், ஈரமான படியைக் காட்டினார். ஜெர்மன் தெரியாமலேயே ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓசை எழுப்பக் கூடாது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. என் வாழ்நாளில் ஓர் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் விட்டது அதுதான் முதல் முறை. அவர் கையிலிருந்த துணியை வாங்கி நானே படியைத் துடைத்தேன். அவர் நின்று பார்த்து, ஒரு மூலையைச் சுட்டிக்காட்டினார். அதையும் துடைத்தேன்.

மூன்று மணிக்கு நாற்காலியில் அமர்ந்தேன். தேவாலய மணி கால் மணிக்கு ஒரு முறை, சுவர்க் கடிகாரம், வேறொன்றும் இல்லை. அப்படியோர் அமைதியை நான் அனுபவித்ததே கிடையாது. 3.40க்குக் கதவு தட்டப்பட்டது. அதே அம்மையார். கையில் நீல நிறப் பிளம் பழம் பதித்த கேக், ஒரு தட்டு நிறைய. நீளமாக ஏதோ சொன்னார். கோமதி கொடுத்தனுப்பிய பால்கோவாவில் ஒரு டப்பாவை அவரிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான்கரைக்கு வந்த எஸ்தர், நடந்ததைக் கேட்டுச் சோபாவில் சாய்ந்து சிரித்தார்.

"அண்ணாச்சி, நான் நேத்தே கூட்டித் தொடச்சிட்டேனே! பலகைய நாளைக்குத்தான் மாத்தணும். சட்டம் பேசுற ஆளு, வந்த அஞ்சாவது நாளே சட்டத்த ஒடச்சிட்டியளே!"

"அந்த அம்மாளுக்குக் கோபம் தீர்ந்ததா?"

"கேக்கு தந்தாவல்லா, தீந்துட்டு. நான் வந்த புதுசுல அவியளுக்கும் எனக்கும் இந்தப் படிக்கட்டாலதான் சண்டையே. மூணு மாசம் ஒருத்தரும் என் கதவத் தட்டல. மொதல்ல தட்டுனது அவியதான், 'மூலையில தூசி'ன்னு. எனக்கு அழுக வந்துட்டு. கோவத்துல இல்ல, ஒருத்தர் தட்டிட்டாகளேன்னு. இன்னைக்கு என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கதே அவியதான்."

இந்த ஊருக்கு இருபத்துநான்காவது இனத்தில் ஒன்பது மதிப்பெண் கொடுத்தேன். காரணம்: அமைதி. அன்றிரவு கூட்டிப் பார்த்ததில் போல்டன் 168, ராய்ட்லிங்கன் 181. திங்கள் காலை புறப்பட்டு, புதன் பகல் 11.30க்கு இராஜபாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது என் முடிவு தயாராக இருந்தது.

அன்று மாலை இருவரையும் உட்கார வைத்து, இரண்டு வீட்டிலும் நடந்ததைச் சொல்லி, அட்டவணையைப் படித்தேன். கடைசி இனம் வந்ததும் கோமதி நிறுத்தச் சொன்னாள்.

"ஒம்போது எதுக்குக் குடுத்தீங்க?"

"அமைதிக்கு. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு முறைதான் கதவு தட்டப்பட்டது."

"அந்த ஒரு தடவைக்கு எம்புட்டுக் கொறச்சீங்க?"

"ஒரு மதிப்பெண்."

அவள் சிரித்துவிட்டாள். தேன்மொழி அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் கேட்டதே அந்த ஒரு தட்டுக்குத்தாங்க" என்றாள் கோமதி. "கலியாணம் ஆகி இங்க வந்தப்ப எனக்கு இந்த ஊர்ல ஒரு ஆளத் தெரியாது. பன்னெண்டு கிலோமீட்டர்தான், அதுக்கே அப்படி. ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு மில்லுச் சங்கு ஊதும். தெருவுல எல்லா வீட்டுக்கும் ஆம்பளைங்க சைக்கிள்ல வருவாங்க. நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்க. நீங்க ரிஜிஸ்டர் எழுதி முடிச்சு, பூட்டி, சாவி குடுத்துட்டு நாலு மணிக்குத்தான் வருவீங்க. அந்த ஒரு மணி நேரம் நான் கதவப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பேன். இன்னைக்கும் நாலு மணிக்குத்தான் வாறீங்க. எனக்கு ஊரு எதுன்னு இல்ல. அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும்னு நீங்களும் ஒரு தடவ இருந்து பாக்கணும்னுதான் சொன்னேன்."

ஏற்றுமதிச் சரக்கின் ஆய்வுக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஆலைக்குப் போவது என் வழக்கம். சங்கு ஊதிய பிறகும் பதிவேட்டைச் சரிபார்க்காமல் நான் எழுந்ததில்லை. இதை நான் ஒழுங்கு என்று எண்ணியிருந்தேன். இருபத்துநான்கு ஆண்டுகள் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் ஒருத்தி கதவைப் பார்த்துக் காத்திருந்ததை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"அம்மாவுக்கு எந்த ஊர் விருப்பம்?" என்று மகளிடம் கேட்டேன்.

கோமதியே பதில் சொன்னாள். "நான் பாத்தாத்தான சொல்லுவேன்? எஸ்தர் மேல் வீட்டு அம்மாவப் பாக்கணும் போலத்தான் இருக்கு. கூமாப்பட்டிக்காரர் வீட்டம்மா கதையும் காதுல கேக்குது. மூணு பேருக்குன்னு பட்டியல் போட்டீங்க. பாஸ்போர்ட்டு ஒரே ஒருத்தர்கிட்டதான இருக்கு!"

எங்கள் துறையில், ஒரே பேல் பொதியிலிருந்து மாதிரி எடுத்து மூன்று பேலுக்கும் கையெழுத்துப் போடுவது பெரிய குற்றம். அந்தக் குற்றத்துக்காக நான் இரண்டு பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இந்தப் பயணத்தில் நானே அதைச் செய்துவிட்டேன்.

எனவே இதைப் படித்துப் புறப்படுவோருக்கு என் பரிந்துரை: ஆங்கிலம் தெரிந்து உடனே வேலையைத் தொடங்க வேண்டியவர்க்குப் போல்டன் எளிது, கடையும் கோயிலும் பக்கம். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அஞ்சுபவரும் மொழி கற்கப் பொறுமை உள்ளவரும் ராய்ட்லிங்கனை எண்ணலாம். அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் தாளை முதலில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். செப்டம்பரிலேயே கம்பளிச் சட்டை தேவை. பால்கோவாவை அகலமான டப்பாவில் எடுத்துச் செல்க. பயணத்தின் பன்னிரண்டாம் நாள் வரை கெடவில்லை. கல்விக் கட்டணமும் வேலை அனுமதியும் மாறக்கூடியவை. எழுத்தில் பெறாமல் எதையும் நம்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, பகலில் அந்த வீட்டுக்குள் இருக்கப் போகிறவர் யாரோ, அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஒருவருக்குத்தான் டிக்கெட் எடுக்க முடியும் என்றால், அந்த ஒருவர் அவராக இருக்கட்டும்.

இரண்டு நிறுவனங்களுக்கும் கடிதம் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். முப்பது நாள் போதாது, தொண்ணூறு நாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒரு கெடுவை நீட்டிக்கச் சொல்லி நான் எழுதிய முதல் கடிதம் இது. அவர்கள் மறுத்தால் இரண்டு வேலையும் போகும். அது தெரிந்தே கையெழுத்திட்டேன். நாளை விடுப்பு. காலை 8.40 பேருந்தில் கோமதியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, நகராட்சி அலுவலகத்தில், பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய அவளுடைய பிறப்புச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கப் போகிறேன். அவளுக்கு அங்கே யாரையெல்லாம் பார்க்க வேண்டுமோ அத்தனை பேரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம்.

இன்று ஞாயிறு. ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி 2.57. பதிவேட்டில் இன்னும் நான்கு பக்கங்கள் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அவை செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கட்டும். சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு நானும் வீட்டுக்குப் போகிறேன். எங்கள் தெருவில் என் வீட்டுக் கதவையும் இன்று மூன்று மணிக்குத் தட்டப் போகிறேன்.